ஊறுகாய்க்குக் கிடைச்ச நீதி, உங்க வீட்டுக்குக் கிடைக்குமா?



2024 ஜூலையில விழுப்புரம் நுகர்வோர் ஆணையம் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. ஒருத்தர் 80 ரூபாய் வீதம் 25 சாப்பாடு பார்சல் வாங்கியிருக்கார். பிரிச்சுப் பார்த்தா ஊறுகாய் இல்லை. ஆணையத்துக்குப் போனார். மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவுக்கு 5,000, ஊறுகாய்க்கு 25 ரூபாய் கொடுக்கச் சொல்லி ஓட்டலுக்கு உத்தரவு வந்துச்சு. நாம எல்லாரும் மீம் போட்டு சிரிச்சோம்.

எனக்குச் சிரிப்பு ரொம்ப நேரம் நிக்கலை. அதே மாவட்டத்துல, எங்க வளவனூர்ல, என் சித்தப்பா 22 லட்சத்துக்கு வீடு கட்டினார். 2024 சித்திரையில கிரகப்பிரவேசம். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ ஹால்ல ஆறு இடத்துல பாத்திரம் வச்சாங்க. கட்டினவர் தன்னை "இன்ஜினியர்"னு போர்டு போட்டுக்கிட்டவர். விசாரிச்சா, அவர் எங்கேயும் பதிவு பண்ணின இன்ஜினியரே இல்லை. பிளான்ல கையெழுத்து போட்டவர் வேற ஒருத்தர். அவர் சைட் பக்கமே வந்ததில்லை.

என் தம்பிக்கு, அதாவது சித்தப்பா பையனுக்கு, 27 வயசு. ஓஎம்ஆர்ல வேலை. அந்த வீட்டுக்கு 20 லட்சம் லோன், 8.5% வட்டி, 20 வருஷம். மாசம் சுமார் 17,350 ரூபாய் இஎம்ஐ. கூரை ஒழுகினாலும் இஎம்ஐ நிக்காது. இந்தப் பதிவை எழுத அதுதான் காரணம்.

லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கா?

அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல ஒரு கறாரான சட்டம் இருக்கு. லைசென்ஸ் தேவைப்படுற வேலையை லைசென்ஸ் இல்லாத கான்ட்ராக்டர் செஞ்சா, அவருக்குக் கொடுத்த மொத்தப் பணத்தையும் வீட்டுக்காரர் வழக்கு போட்டுத் திரும்ப வாங்கலாம். வேலை நல்லா இருந்தாலும் சரி. அந்த ஊர் கான்ட்ராக்டர் லைசென்ஸ் இல்லாம வேலையில கை வைக்கவே பயப்படுவார்.

நம்ம ஊர்ல? ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்க 1972 சட்டப்படி பதிவு வேணும். வயரிங் பண்ண மின் உரிமம் வாங்கின ஒப்பந்ததாரர் வேணும். 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, பிளான்ல கையெழுத்து போடறவர் பதிவு பெற்ற தொழில்முறையாளரா இருக்கணும். ஆனா உங்க மனையில உங்க வீட்டைக் கட்டித் தர்ற கான்ட்ராக்டருக்குன்னு தனியா ஒரு தகுதித் தேர்வோ லைசென்ஸோ கிடையாது. கையெழுத்து ஒருத்தர், கட்டுறது ஒருத்தர்னு நடக்கிறது இந்த இடைவெளியிலதான்.

"ரெரா இருக்கே"ன்னு கேட்பீங்க. ரெரா, பில்டர் கட்டி விக்கிற பிளாட்டுக்கும் மனைப்பிரிவுக்கும்தான். உங்க சொந்த மனையில ஒரு வீடு கட்ட நீங்க போடற ஒப்பந்தம் அதுக்குள்ள வராது. "அவர்கிட்ட ஜிஎஸ்டி நம்பர் இருக்கே"ன்னு சொல்வீங்க. அது வரி கட்டறதுக்கான நம்பர். கான்கிரீட்டோட தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்துட்டுத்தானே பணம் விட்டாங்கன்னு என் தம்பி கேட்டான். அவர் பார்த்தது பேங்க்கோட பணத்துக்காக. லிண்டல் வரைக்கும் வந்திருக்கா, ரூஃப் போட்டாச்சான்னு பார்ப்பார். உங்க தளத்துக்கு எத்தனை நாள் தண்ணி கட்டினாங்கன்னு அவர் பார்க்கிறதில்லை.

அப்போ வழியே இல்லையா?

இருக்கு. நல்ல வலுவான வழி. 1993-ல லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்குல, வீடு கட்டித் தர்றதும் ஒரு சேவைதான்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இப்போ இருக்கிற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-லயும் "வீட்டுக் கட்டுமானம்" சேவைக்குள்ள இருக்கு. ஒழுகற கூரை ஒரு சேவைக் குறைபாடு. இல்லாத அங்கீகாரத்தை இருக்கிறதா காட்டிக்கிறது நேர்மையற்ற வணிக நடைமுறை. "பதிவு பெற்ற இன்ஜினியர்"னு அடிச்ச விசிட்டிங் கார்டு, லெட்டர் பேடு, போர்டு போட்டோ எல்லாத்தையும் பத்திரமா வைங்க. நாளைக்கு அதுதான் உங்க சாட்சி.

நீங்க கொடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய், 20 லட்சம் வரைக்கும் 400, 50 லட்சம் வரைக்கும் 1,000. வக்கீல் கட்டாயம் இல்லை. வீடு வளவனூர்ல இருந்தாலும், நீங்க சென்னையில குடியிருந்தா, இல்ல வேலை பார்த்தா, சென்னையிலயே புகார் போடலாம். லீவு போட்டு விழுப்புரம் அலைய வேண்டாம். ஆன்லைன்லயும் போடலாம். சந்தேகம் இருந்தா 1915-க்கு கூப்பிடுங்க.

வழக்கு சறுக்கற நாலு இடம்

முதலாவது, காலக்கெடு. பிரச்சினை எழுந்த நாள்ல இருந்து 2 வருஷம். ஃபெஞ்சல் அன்னிக்கு ஒழுகினா அங்க இருந்துதானேன்னு நீங்க எண்ணுவீங்க. வீட்டை ஒப்படைச்ச சித்திரையில இருந்தே எண்ணணும்னு எதிர்த்தரப்பு வாதாடும். அதனால முந்தின தேதியையே கடைசித் தேதியா வைங்க. தகுந்த காரணம் இருந்தா தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனா "பொங்கல் முடிஞ்சு ஆள் அனுப்பறேன்"னு கான்ட்ராக்டர் சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தேன்னா அது எடுபடும்னு நம்பாதீங்க.

ரெண்டாவது, ரொக்கம். சித்தப்பா 9 லட்சத்தைக் கையில கொடுத்தார். ரசீது இல்லை. ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறதை வருமான வரிச் சட்டமே தடுக்குது. கொடுத்த பணத்துக்கே ஆதாரம் இல்லைன்னா எதைத் திருப்பிக் கேட்பீங்க?

மூணாவது, அவசர ரிப்பேர். ஒழுகுதேன்னு உடனே வேற மேஸ்திரியை வச்சுத் தட்டோட்டைப் பெயர்த்து, புதுசா பூசிடறோம். குறையோட சேர்ந்து ஆதாரமும் போயிடுது. முதல்ல போட்டோ, வீடியோ, அதுக்கு அப்புறம் தகுதியான ஒரு சிவில் இன்ஜினியரோட எழுத்துப்பூர்வ அறிக்கை. வழக்கு போட்டுட்டீங்கன்னா, வந்து பார்க்க கமிஷனரை நியமிக்கச் சொல்லி ஆணையத்துக்கிட்ட கேளுங்க.

நாலாவது, தினக்கூலி. கொத்தனாரையும் சித்தாளையும் நீங்களே நாள் கூலிக்கு வச்சு, நீங்களே சொல்லிச் சொல்லி வேலை வாங்கினா, அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம்னு வாதாட இடம் இருக்கு. அந்த வகை இந்தச் சட்டத்துக்குள்ள வராது. சதுர அடி ரேட்டுக்கு ஒருத்தர்கிட்ட மொத்தமா ஒப்படைச்சா நீங்க நுகர்வோர்.

என் கருத்து

மின் வயரிங்குக்கு உரிமம் கேட்கிற அரசு, அந்த வயர் ஓடற சுவருக்கும் மேல இருக்கிற தளத்துக்கும் கேட்கணும். பேரூராட்சி அளவுலயாவது வீட்டுக் கான்ட்ராக்டர்களுக்கு ஒரு பதிவேடு வேணும். 2024 ஜூலையில இருந்து 2,500 சதுர அடிக்குள்ள இருக்கிற மனைக்கு, 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட, சுயசான்று முறையில உடனே அனுமதி கிடைக்குது. நல்ல விஷயம், நானும் வரவேற்கிறேன். ஆனா அனுமதி வேகமா வரும்போது, கட்டறவர் யாருன்னு கேட்கற பொறுப்பும் நம்ம தலையிலதான் விழுது.

அதுவரைக்கும் உங்க ஒப்பந்தம்தான் அவருக்கு நீங்க கொடுக்கிற லைசென்ஸ். எந்த சிமெண்ட், எந்த கம்பி, எத்தனை நாள் க்யூரிங், எந்தக் கட்டத்துல எவ்வளவு பணம், ஒழுகினா யார் பொறுப்பு, எத்தனை வருஷத்துக்கு. எல்லாம் எழுத்துல இருக்கணும். பிளான்ல கையெழுத்து போடறவர் எத்தனை தடவை சைட்டுக்கு வருவார்ங்கிறதும் இருக்கணும். மொத்தத் தொகையில 10 சதவீதத்தை ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டற வரைக்கும் பிடிச்சு வைங்க. இதுக்கு ஒத்துக்காத கான்ட்ராக்டர், தன் கூரையைத் தானே நம்பலைன்னு அர்த்தம்.

"நம்ம ஊர்க்காரர், அவர்கிட்ட போய் எழுதிக் கேட்டா நல்லாவா இருக்கும்?"னு சித்தப்பா அன்னிக்குச் சொன்னார். போன வாரம் நானும் தம்பியும் உட்கார்ந்து வங்கி ஸ்டேட்மெண்ட், கார்டு, போட்டோ எல்லாத்தையும் அடுக்கினோம். அந்த 9 லட்சத்துக்கு மட்டும் வைக்க ஒரு பேப்பர் இல்லை. மீதிக்கு புகார் எழுதிட்டு இருக்கோம். கட்டணம் 1,000 ரூபாய்.

உங்க வீட்ல யாராவது இந்த வருஷம் வாஸ்து பூஜை போடறதா இருந்தா, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதை அவங்களுக்கு அனுப்புங்க.