பக்கத்து ஊருக்கு உலகைச் சுற்றி

கனடாவின் பாஃபின் தீவிலுள்ள, நுனாவுட் பிரதேசத்தின் தலைநகரான இக்காலுயிட்டுக்கும் கிரீன்லாந்தின் தலைநகர் நூக்குக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 820 கிலோமீட்டர். நடுவில் டேவிஸ் நீரிணை. சிறிய டாஷ்-8 விமானம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். கோடையில் இரு ஊர்களின் கடிகாரங்களும் மூன்று மணி நேரம் வேறுபடுவதால், நூக்கில் ஏறுபவர் புறப்பட்ட நேரத்துக்கு முன்பே இக்காலுயிட்டில் இறங்கும் வேடிக்கையும் உண்டு. ஆனால் நேரடி விமானம் இல்லாத காலத்தில் இக்காலுயிட்டிலிருந்து நூக் செல்பவர் முதலில் தெற்கே 2,100 கிலோமீட்டர் பறந்து ஒட்டாவா போக வேண்டும். பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டி கோபன்ஹேகன், அங்கிருந்து மறுபடி மேற்கே நூக். மொத்தம் 11,000 கிலோமீட்டருக்கு மேல். ஐஸ்லாந்து வழியாகப் போனாலும் 7,000 தாண்டும்.

இதற்குப் பனியையும் கடலையும் குறை சொல்வது எளிது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இக்காலுயிட் ஓடுதளத்தை 1942இல் அமெரிக்க ராணுவம் அமைத்ததே, விமானங்களைக் கிரீன்லாந்து வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பத்தான். போருக்காகக் கிழக்கு மேற்காகப் போட்ட பாதை, போர் முடிந்ததும் நிர்வாகத்துக்காகத் தெற்கே திரும்பியது. இரு கரைகளிலும் பெரும்பான்மையினர் இனுயிட் மக்கள். மொழிகளும் ஒரே குடும்பம். இருந்தும் இந்தக் கரைக்குத் தலைவாசல் ஒட்டாவா, டென்மார்க் முடியாட்சியின் பகுதியான அந்தக் கரைக்குக் கோபன்ஹேகன். இரு நாடுகளும் உரிமை கோரிய ஹான்ஸ் தீவைப் பங்கிட்டு 2022இல் கனடாவும் டென்மார்க்கும் நில எல்லையே வகுத்துக்கொண்டன. அப்போதும் இக்காலுயிட்டுக்கும் நூக்குக்கும் இடையே பயணிகளுக்கான நேரடிச் சேவை இல்லை.

ஆள் இல்லாத தடத்தில் யார் விமானம் விடுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இக்காலுயிட்டின் மக்கள்தொகை 2021 கணக்குப்படி 7,429. நூக்கில் சுமார் 20,000. 2012இல் தொடங்கிய நேரடிச் சேவை சில கோடைகளிலேயே நின்றுபோனது. 2024இல் மீண்டும் வந்தபோதும் கோடையில் மட்டும், வாரம் ஒரு முறை. ஆனால் இந்த எண்ணிக்கையை வைத்துத் தேவையை அளக்க முடியாது. வாரத்துக்கு ஒரே விமானம் என்றால், அரைநாள் கூட்டத்துக்குப் போகும் அலுவலரும் உறவினர் திருமணத்துக்குப் போகும் குடும்பமும் ஒரு வாரம் அங்கேயே தங்கியாக வேண்டும். அக்டோபருக்குப் பிறகு அதுவும் கிடையாது. இப்படி ஒரு சேவையைக் கொடுத்துவிட்டு, பயணிகள் வரவில்லை என்பது சரியான கணக்கல்ல.

மருத்துவமனையும் கல்லூரியும் தெற்கில்தானே என்பது அடுத்த வாதம். உண்மை, அந்தத் தடங்களை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சாலையே இல்லாத ஊர்களுக்கு விமானம்தான் பேருந்து. அதனால்தான் நார்வே தன் வடக்கின் சிறு விமான நிலையங்களுக்கு டெண்டர் விட்டு நட்டத்தை ஈடுகட்டுகிறது. அலாஸ்காவின் சிற்றூர்ச் சேவைகளுக்கு அமெரிக்கா 1978 முதல் மானியம் தருகிறது. நூக்கிலும் 2024 நவம்பரில் 2,200 மீட்டர் ஓடுதளம் திறக்கப்பட்டு, மறு கோடையே நியூயார்க் அருகிலுள்ள நியூவார்க்கிலிருந்து நேரடி விமானம் வந்தது. சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கும் வசதியை அக்கரை உறவினருக்கு மறுக்கக் காரணமில்லை.

ஆர்க்டிக் தங்களுடையது என்று உரக்கப் பேசும் ஒட்டாவாவும் கோபன்ஹேகனும் நுனாவுட், கிரீன்லாந்து அரசுகளைச் சேர்த்துக்கொண்டு, வாரம் இரு முறை, ஆண்டு முழுவதும் பறக்கும் சேவைக்கு ஐந்தாண்டு டெண்டர் விடட்டும். பயணிகளை அதன்பிறகு எண்ணலாம்.