பந்து கைக்கு வருமுன்

வெள்ளவத்தையில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு றகர் என்றால் உயிர். போட்டி நாட்களில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஹவ்லொக் மைதானத்துக்குப் போய்விடுவார். ஒருமுறை என்னையும் அழைத்துச் சென்றார். "பந்தப் பார்க்க வாணாம், பத்தாம் நம்பர்ட கண்ணப் பாருங்க" என்றார்.

பத்தாம் இலக்கக்காரர்தான் பிளை ஹாப். கண்டிக் கழகத்துக்கும் இலங்கை அணிக்கும் தலைமை தாங்கிய பாசில் மரிஜா இந்த இடத்தில்தான் பெயரெடுத்தார். ஸ்க்ரமுக்குள் பந்து கிடக்கும்போதே பிளை ஹாப் எதிரணியை அளந்துவிடுகிறார். ஐந்து மீற்றர் பின்னால் நிற்கும் அவர்களது வரிசை பாய்ந்து வரப்போகிறதா? அப்படியானால் அதன் பின்புறம் வெறுமை. தலைக்கு மேலால் உதைக்கலாம். பக்கவாட்டில் ஒதுங்குகிறதா? உட்புறமாக ஓடலாம். பந்து வந்தபின் யோசிப்பவர் பந்தோடு தரையில் கிடப்பார்.

அமெரிக்க உதைபந்தாட்டத்தின் குவாட்டர்பெக்கும் இவருக்கு உறவுதான். பந்து வருமுன் எதிரணியின் கடைசிக் காவலர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பார். முதலில் யாருக்கு எறிவது, அவர் மறிக்கப்பட்டால் அடுத்து யார் என்று ஒரு வரிசையும் மனதில் இருக்கும். கையில் சுமார் மூன்று விநாடிகள். ஒருவரும் அகப்படாவிட்டால் பந்தை எல்லைக்கு வெளியே வீசிவிடுவார். புதியவர்களுக்கு ஒரு நோயுண்டு: தமக்குப் பிடித்த ஒருவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்வையை வைத்தே எதிராளி பந்தைப் பறித்துக்கொள்வான்.

இந்த நோய் நம்மவர்களிடமும் இருக்கிறது. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி, அவசியமற்றவை என்று வகுத்த 623 பொருட்களின் இறக்குமதிக்கு நூறு வீத ரொக்க வைப்பைக் கேட்டது. கைத்தொலைபேசி, மின்விசிறி, ஆடை என எல்லாம் அதில் அடக்கம். வங்கியில் டொலர் 203 ரூபாவைத் தாண்டாமல் பிடித்து வைக்கப்பட்டிருந்தது; வெளியே அந்த விலைக்குக் கிடைக்கவில்லை. எதிரணி எப்படி நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. ஆனால் பலர் பார்த்தது அதையல்ல, பெருநாள் விற்பனையை மட்டும்தான்.

கொட்டாஞ்சேனையில் மின்சாதனம் விற்கும் இன்னொரு நண்பரின் கதை இது. 2022 பெப்ரவரியில் மூன்று மாதக் கடனில் 20,000 டொலர் சரக்கு எடுத்தார். 203 ரூபா கணக்கில் அடக்கம் சுமார் 40 இலட்சம். அதன்மேல் இலாபம் வைத்து விற்றும் முடித்தார். மார்ச் 7ஆம் திகதி ரூபா தளர்த்தப்பட்டது. மே நடுப்பகுதியில் தவணை வந்தபோது டொலர் சுமார் 360. கட்ட வேண்டியது 72 இலட்சம். விற்ற காசு முழுவதையும் கொடுத்தும் போதவில்லை. மனைவியின் நகை போனது. அவர் சோம்பேறியல்ல, ஏமாற்றுக்காரரும் அல்ல. பந்து கைக்கு வந்த பிறகு பார்த்தார், அவ்வளவுதான்.

வெள்ளவத்தைக்காரரோ 2021 முடிவிலேயே கடன் சரக்கை நிறுத்திவிட்டார். இருந்ததைக் கிட்டத்தட்ட அடக்க விலைக்கே தள்ளி, டொலர் பாக்கியைத் தீர்த்தார். "கடை விழுந்துட்டாம்" என்று தெருவில் பேச்சு. பந்தை வெளியே உதைத்தால் பார்வையாளர் கூவத்தான் செய்வார்கள். ஆனால் அந்த உதையில் இடம் கிடைக்கிறது, ஆளும் அடிபடாமல் தப்புகிறார். நமது சந்தையில் இலாபமின்றி விற்பதை மானக்கேடாக நினைக்கிறோம். வாங்கும்போது காட்டாத வெட்கத்தை விற்கும்போது எதற்குக் காட்டுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

கொட்டாஞ்சேனை நண்பர் மீண்டும் கடை நடத்துகிறார். இப்போது சரக்குப் பட்டியல் வந்தால், தவணை நாளில் டொலர் எவ்வளவு இருந்தால் தனக்கு முதல் போகும் என்பதை அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் கையொப்பமிடுகிறார். போன மாதம் ஒரு பட்டியலைக் கையொப்பமிடாமலே திருப்பி அனுப்பினார்.