டயர் விசாரம்

பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு மோட்டார் கார் எதற்கு என்று கேட்கும் சிநேகிதர்கள் நமக்கு உண்டு. அவர்களுக்கு நாம் இதுவரையில் பதில் சொன்னதில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வேண்டாத வேலைதான், ஐயா!" என்று ஒப்புக்கொள்ளும் நிலைக்கு ஏறக்குறைய வந்துவிட்டோம்.

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆண்டகளூர் கேட்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில், இடது முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் 'தடார்' என்று இறங்கி ஏறிற்று. வண்டி நிற்கவில்லை, காற்றும் போகவில்லை. வீடு திரும்பிய பிறகுதான், டயரின் பக்கவாட்டில் பாதிக் கோழிமுட்டையை ஒட்டவைத்தாற்போல் ஒரு வீக்கம் இருப்பதைக் கண்டோம். (நாமக்கல்காரனுக்கு முட்டைதானே முதலில் நினைவுக்கு வரும்!)

டயர் வாங்கி இரண்டு வருஷந்தான் ஆகிறது. பட்டன் அழகாக இருந்தது. புது டயரோ நாலாயிரத்துச் சொச்சம். அந்த வாரமே பெண்ணின் கல்லூரிச் சம்பளம் கட்டியாகவேண்டும். அவளைப் பெட்டி படுக்கையுடன் கோயமுத்தூர் விடுதியில் கொண்டுபோய் விடவும் வேண்டும். "காற்றுப் போகாத டயரை யாராவது கழற்றி எறிவார்களா?" என்று நம் மனம் வாதாடிற்று. வகுப்பில் பையன்கள் சொல்லும் சாக்குகளை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுகிறோம். நம்முடைய சாக்கு மட்டும் நமக்கு நியாயமாகவே படுகிறது.

டயரைப்பற்றி அபிப்பிராயம் சொல்ல நம் ஊரில் ஆளைத் தேடி அலையவேண்டியதில்லை. லாரிக்குப் பாடி கட்டுவதும், தேய்ந்த டயருக்கு ரீபட்டன் போடுவதும் இவ்வூரார் பிழைப்பு. ஒரு முறை தேய்ந்தது என்பதற்காக டயரைத் தூக்கி எறிவது இங்கே ஊதாரித்தனம். சிக்கனம் என்பது டயருக்குப் புதிதுமல்ல. 1942-ல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கையில் விழுந்தபோது, நம் தமிழர்கள் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டங்களும் சேர்ந்தே போயின. அமெரிக்கா போன்ற செல்வ நாட்டிலேயே அவ்வருஷம் ஜனவரியில், சர்க்கரைக்கும் முந்தி, டயருக்குத்தான் பங்கீடு வந்தது. சென்னைத் திருவொற்றியூரில் 1946-ல் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். ஸ்தாபனம்கூட, 1952-ல் ரீபட்டனுக்கான ரப்பரைச் செய்த பிறகுதான் டயருக்கு வந்தது.

இத்தனை நியாயங்களையும் சேகரித்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் நாலு லாரி வைத்திருக்கும் பெரியவரிடம் போனோம். அவர் டயரை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, பட்டன் தேஞ்சா பட்டன் போடலாமுங்க. கூடே விட்டுப்போச்சுன்னா எதுமேலைங்க போடறது?" என்றார்.

விஷயம் இதுதான். டயரின் பக்கச் சுவருக்குள்ளே நூலிழைகள் அடுக்காக ஓடுகின்றன. காற்றின் அழுத்தத்தைத் தாங்குபவை அவை. மேலே தெரியும் ரப்பர் வெறும் சட்டை. பள்ளத்தின் விளிம்புக்கும் சக்கரத்தின் இரும்புக்கும் இடையில் டயர் நசுங்கும்போது இழைகள் அறுந்துவிடுகின்றன. அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. அதுவே வீக்கம். தரையைத் தொடும் பட்டன் பகுதியில் ஆணி குத்தி, துளை ஆறு மில்லிமீட்டருக்குள் இருந்தால், உட்புறம் ஒட்டுப் போட்டுச் சரிசெய்யலாம். அறுந்த இழையை முடிந்துவைக்க எந்த ஒட்டாலும் முடியாது. சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச் சாலையில் எண்பது மைல் போனபின் வெடிக்குமோ, எட்டு மைலில் வெடிக்குமோ, சொல்வார் இல்லை. முன் சக்கரமானால் வண்டி கைக்கு அடங்காது. பின் ஆசனத்தில் யார் உட்கார்ந்திருப்பார் என்பதை நினைத்ததும் நம் வாதம் பாதியில் நின்றுவிட்டது.

ஆனாலும் ஆசை விடவில்லை. ஸ்டெப்னி இருக்கிறதே! (வேல்ஸ் தேசத்து லனெல்லி ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு, 1904-ல் அங்கே உபரிச் சக்கரம் செய்தார்கள். தெருவின் பெயர் நம் ஊர்க் கிளீனர் வாயில் இன்றும் வாழ்கிறது.) டிக்கியைத் திறந்து டயரின் பக்கத்திலிருந்த எண்களைப் படித்தோம். கடைசி நாலு இலக்கம் 2315. அதாவது 2015-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் பிறந்தது. ஒரு மைல்கூட ஓடாவிட்டாலும் ரப்பருக்கு மூப்பு உண்டு. பத்து வருஷம் கடந்ததை மாற்றிவிடும்படி டயர் செய்கிறவர்களே சொல்கிறார்கள். அவசரத்துக்குப் பஞ்சர் கடை வரையில் உருட்டலாம், கோயமுத்தூருக்கு ஆகாது.

புது டயர் ஒன்று வாங்கினோம். சம்பளத்தில் பாதியைக் கல்லூரியில் தவணை கேட்டுக் கட்டினோம். ஸ்டெப்னிக்குத் தீபாவளி வரையில் வாய்தா.

டயர் மாற்றும்போது கடையில் நின்ற ஒருவர் பழையதைப் புரட்டிப் பார்த்து, "முன்னூறு தர்றேனுங்க, பட்டன் இருக்குது" என்றார். எதற்கு என்று கேட்டோம். "ஓட்டறதுக்குத்தானுங்க, பழைய டயர் தேடறவங்க வருவாங்க" என்றார். முன்னூறு ரூபாய் அன்றைக்கு நமக்குச் சிறு தொகையல்ல. கடைக்காரரிடம் கத்தியை எடுக்கச் சொல்லி, வீங்கின இடத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிக்கச் சொன்னோம். கிழித்து முடிக்கும் வரையில் அங்கேயே நின்றோம்.