முதுகுக்குள்ள போனது என்ன மருந்து?

"ஒப்பரேசன் எண்டா நோகத்தான் செய்யும், பொறுக்க வேணும்" என்று வார்ட்டில் சொல்வது கொடுமை. நோவைக் குறைக்க வழியிருந்தால் குறைக்க வேண்டும். இதில் எனக்கு யாரோடும் சண்டையில்லை. சண்டை, கேட்காமல் சொல்லாமல் குறைப்பவர்களோடு.

நாரியில் டிஸ்க் சத்திரசிகிச்சையை எடுப்போம். காயத்தை மூடமுதல் சில நிபுணர்கள் மெதில்பிரட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட்டை நரம்பு வேருக்குப் பக்கத்தில், முள்ளந்தண்டு நாணின் உறைக்கு வெளியே விடுவார்கள். வீக்கம் வத்தும். முதல் நாட்களில் நோ கொஞ்சம் குறையும். மாதக்கணக்கில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் ஆய்வுகளின் பொதுப்போக்கு. சீனி வருத்தம் உள்ளவருக்கு சில நாட்களுக்கு சீனி ஏறும். ஏன் ஏறுது எண்டு தெரியாமல் வீட்டில் சோத்தைக் குறைச்சுக்கொண்டு இருப்பினம்!

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்த இடத்தில் ஸ்டீரொயிட் ஏற்ற அனுமதியே வழங்கவில்லை. அரிதாகப் பார்வையிழப்பு, பாரிசவாதம், மரணம்கூட நேரலாம் என்று 2014இல் எச்சரித்தது. அதற்காக ஒருவருக்கும் போடக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அனுமதியில்லாத பாவனையும் மருத்துவத்தில் வழமைதான். ஆனால் அதை நோயாளியிடம் சொல்லுங்கோவன்.

"சொன்னா சனம் பயந்திடும்" என்பார்கள். பயப்பட எங்களுக்குக் காரணம் இருக்கு. 2005இல் கொழும்பில் சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்ட 5 தாய்மாருக்கு பூஞ்சண மூளையுறை அழற்சி வந்தது. 3 பேர் இறந்தார்கள். சுனாமிக்குப் பிறகு சரியாகக் களஞ்சியப்படுத்தாத ஊசிகளில்தான் சந்தேகம் விழுந்தது. தரமற்ற இமியூனோகுளோபுலின் விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைதானது 2024 பெப்ரவரியில். இவ்வளவுக்குப் பிறகும் "டொக்டருக்குத் தெரியும், நீங்க கையெழுத்து வையுங்கோ" எண்டால் எப்படி? அதுவும் எங்கட ஆக்களுக்கு வாசிக்க விளங்காத மொழியில் படிவம் நீட்டினால், அது சம்மதம் இல்லை, கைநாட்டு.

நேரமில்லை என்ற சாட்டையும் நான் ஏற்கமாட்டேன். கேட்பது ஒரு வரி: டயக்னோசிஸ் காட்டில் மருந்தின் பெயர், அளவு, தொகுதி இலக்கம். 2012இல் அமெரிக்காவில் பூஞ்சணம் கலந்த இதே மெதில்பிரட்னிசொலோனால் 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனாலும் அந்த ஊசி போட்ட சுமார் 14,000 பேரைத் தேடிப்பிடித்து எச்சரிக்க முடிந்தது. எந்தத் தொகுதி எந்தக் கிளினிக்குக்குப் போனது, யாருக்குப் போட்டது என்று எழுதியிருந்தது. உங்கட அம்மாவின் கிளினிக் கொப்பியை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ, அதில என்ன எழுதியிருக்கு எண்டு.