பொதுச்சுவர் வீதிகள்

கொல்லயில், பாறசாலைப் பக்கங்களிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நம்மவர், கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள அக்கிரகாரங்களைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என உள்நோக்கி நீண்டு, அண்டைவீட்டாரோடு பொதுச்சுவர் கொண்டு, ஓட்டுக்கூரையின் சரிவில் ஒன்றுபட்டு நிற்கும் அவ்வரிசையில் ஒரு வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பினால், சிதைவது அந்த ஒரு மனையன்று, வீதியின் லட்சணமே.

அதற்காக அவ்வீடுகளில் வியாபாரம் கூடாதென்பது என் வாதமன்று. பராமரிப்புக்குப் பொருளில்லாத வீடு தானே இடிந்துபோகும். வியாபாரமும் முகப்பும் சேர்ந்து நிலைக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் இளைய ஜான் வுட் 1767 முதல் 1774 வரை நிர்மாணித்த ராயல் கிரெசன்ட் என்னும் 30 வீடுகளின் பிறைவடிவ வரிசையில், முகப்பை அவர் ஒருவரே வகுத்தார். வீடுகளை வாங்கியவர்கள் அதன் பின்புறத்தைத் தத்தம் விருப்பப்படி கட்டிக்கொண்டனர். இன்று அதன் நடுவே ஒரு ஹோட்டல் நடக்கிறது. எனினும் நெடுந்தூண்கள் நிரையாக நிற்கும் அம்முகப்பின் கம்பீரம் குன்றவில்லை.

அந்த நியாயமே நமக்கும் உகந்தது. உள்ளே புத்தகக்கடையோ வைத்தியசாலையோ உணவகமோ வரட்டும். திண்ணையைப் பெயர்த்து இரும்பு ஷட்டர் இடுவதையும், ஓட்டை மறைத்து விளம்பரப் பலகை நிறுத்துவதையும் மாநகராட்சி அனுமதிக்கலாகாது. முகப்பைக் காக்கும் உடைமையாளருக்கு வரிச்சலுகையும், சுண்ணாம்புச் சாந்து வேலையறிந்த கொத்தனாரின் உதவியும் கிட்டச் செய்வது அரசின் கடமை.