இசிஜி மாதிரி இருக்கு. ஆனா அது இசிஜியா?

1/ இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைங்க ப்ராஜெக்ட்டுக்கு இசிஜி கருவி செஞ்சு கொண்டு வந்து காட்டுவாங்க. திரையில அலை அழகா ஓடும். கீழே "நார்மல்"னு வரும். நான் கேட்கிறது ஒண்ணுதான்: "இதுல 1 மில்லிவோல்ட் எவ்வளவு உயரம்?" பெரும்பாலும் பதில் வராது. அதுக்காகத்தான் இந்த த்ரெட்.

2/ இசிஜி தாள்ல 1 மில்லிவோல்ட்னா 10 மி.மீ. உயரம். மாரடைப்போன்னு சந்தேகிக்க வைக்கிற எஸ்.டி. ஏற்றம் பல லீடுகள்ல வெறும் 1 மி.மீ. தான். அதாவது 0.1 மில்லிவோல்ட்.

3/ அனலாக் சிக்னலை எண்ணா மாத்துறது ஏடிசி. ஆர்டுயினோ ஊனோவுக்குள்ள இருக்கிறது 10 பிட். 5 வோல்ட்டை 1024 படியா பிரிக்கும். ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். சிக்னலை 100 மடங்கு பெருக்கிக் கொடுத்தாலும் அந்த 1 மி.மீ. ஏற்றம் ரெண்டே படிதான். இரைச்சல்ல காணாம போயிடும்.

4/ அதனால வெளி ஏடிசி போடுங்க. ஏடிஎஸ்1292 மாதிரி 24 பிட் சிப் எஸ்பிஐ வழியா பேசும். க்ளாக், போற டேட்டா, வர்ற டேட்டா, சிப் செலக்ட்னு நாலு ஒயர். கூடவே "அடுத்த அளவு ரெடி"ன்னு சொல்ற டிஆர்டிஒய் பின். டிலே போட்டு நேரத்தைக் குத்துமதிப்பா கணிக்காம, அந்தப் பின் சொல்றப்போ படிங்க. இல்லேன்னா துடிப்புகளோட இடைவெளியே தப்பாயிடும்.

5/ ஆபத்து இங்கதான். இந்தச் சிப்புக்கு வேண்டியது எஸ்பிஐ மோடு 1. ஆர்டுயினோ தானா எடுத்துக்கிறது மோடு 0. மாத்த மறந்து ஒரு பிட் நகர்ந்தா உயரம் பாதியாகலாம், இல்ல இரட்டிப்பாகலாம். அலை மட்டும் அப்பவும் இசிஜி மாதிரியே தெரியலாம்!

6/ இசிஜி தாளை வாங்கினதும் 1 மில்லிவோல்ட் அளவுக்குறி 10 மி.மீ. இருக்கான்னு பார்க்கிறது எங்க பழக்கம். உங்களுக்கும் அது வேணும். சிப்புக்குள்ளேயே ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் சோதனை சிக்னல் இருக்கு. முதல்ல அதைப் படிங்க. எண் சரியா வந்த பிறகுதான் மனுஷன் உடம்புல எலக்ட்ரோடு. அதுவும் பேட்டரியில மட்டும். சார்ஜர்ல சொருகின லேப்டாப்போட வேண்டவே வேண்டாம்.

7/ எல்லாம் சரியா வந்தாலும் "நார்மல்"னு மட்டும் எழுதாதீங்க. இது ரெண்டு சேனல். நாங்க பார்க்கிறது 12 லீடு. நெஞ்சு வலியோட இருக்கிற ஒருத்தர் அந்த ஒரு வார்த்தையை நம்பி வீட்லயே படுத்துட்டா? அலையைக் காட்டுங்க, போதும். நெஞ்சு வலின்னா 108-ஐ கூப்பிடுங்க.