அறுத்த வயலுக்கு ஆற்ற வேண்டிய கடன்

மண் தருவதைப் பெறும் உரிமை, மண்ணுக்குத் திருப்பித் தரும் கடமையோடு பிணைந்தது. ஆண்டுதோறும் ஒரே பயிரை ஒரே நிலத்தில் விளைவித்து, வளத்தை மீட்டளிக்க ஏதும் செய்யாதிருப்பது, விளைச்சலோடு கைமுதலையும் சேர்த்து உண்பதற்கு ஒப்பாகும். நெல்லுக்குப் பின் புன்செய்ப் பயிர் இடுவதை இக்கடமையின் பகுதியாகவே நாம் கருதுகிறோம்.

பழையாற்றின் நீர்வளத்தால் செழித்த பூதப்பாண்டி வட்டார வயல்கள், அறுவடைத் திங்களின் பெயரையே தாங்கிய கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல்லால் நாஞ்சில் நாட்டுக்குப் பெருமை சேர்த்தவை. 1906ஆம் ஆண்டு முதல் பேச்சிப்பாறை அணை அவற்றுக்குத் துணை நிற்கிறது. ஆயினும், மாசியில் கும்பப்பூ அறுவடையாகி, பிப்ரவரி இறுதியில் அணை அடைக்கப்பட்டபின், சூன் மாதம் மீண்டும் நீர் வரும்வரை வயல்கள் பெரும்பாலும் வெறிதே கிடக்கின்றன.

இந்த மூன்று திங்களும் வீணாக வேண்டியவை அல்ல. உளுந்தும் பாசிப்பயறும் எஞ்சிய ஈரத்தையும் கோடை மழையையும் கொண்டு 65 முதல் 70 நாட்களில் விளைந்துவிடும். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். தொடர்ந்த சேற்றுழவால் இறுகிய மண் சற்றே இளகும். நெல்லையே நம்பி வாழும் பூச்சிகளின் தொடர்ச்சியும் அறுபடும். நீர் வடியாத பள்ள வயல்களில் பயறு அழுகுமாதலால், அங்கே தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதல் தகும்.

இதற்கு முன்மாதிரி தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காவிரிப் படுகை உழவர்கள் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்னரே, நிற்கும் நெற்பயிரினூடே உளுந்தை விதைத்துவிடுகின்றனர். வானத்தை நம்பி நெல் விளைவிக்கும் இராமநாதபுரத்து உழவர்களோ, அறுத்த வயலின் ஈரத்தில் பருத்தி ஊன்றுகின்றனர்.

எனினும் இது தனியொருவரால் நிறைவேறுவதன்று. சுற்றிலும் தரிசு கிடக்க ஒருவர் மட்டும் பயறு விதைத்தால், அது மேய்ச்சல் மாடுகளுக்கே இரையாகும். விதை பத்து நாள் தாமதித்தால் ஈரம் போய்விடும். ஆகவே, வாய்க்கால் நீரை முறைவைத்துப் பகிர்ந்த அதே ஒற்றுமையோடு, விதைக்கும் நாளையும் மாடுகளைக் கட்டிவைக்கும் காலத்தையும் ஊர்கூடி உறுதிசெய்ய வேண்டும். தை மாதத்திற்குள் விதை வழங்குவதும், விளைந்த பயறை உரிய விலைக்குக் கொள்முதல் செய்வதும் அரசின் பொறுப்பு.

உலகிலேயே மிகுதியாகப் பயறு விளைவிக்கும் நாடாயிருந்தும், நாம் அதை இறக்குமதி செய்கிறோம். நாஞ்சில் நாட்டு வயல்களோ ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாகி வருகின்றன. எஞ்சியுள்ள வயலை வருவாயும் வளமும் உள்ளதாகக் காப்பதே அதை விற்காதிருக்க உழவருக்கு நாம் தரக்கூடிய வலிமை. அதற்கான முடிவை, வரும் மாசியில் கதிர் அறுக்கும் முன்னரே ஊரும் அரசும் எடுத்தாக வேண்டும்.